மூக்குக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்: ஒயின் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஒரு கிளாஸ் ஒயினை எப்படி முகர்ந்து ருசிப்பது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இதையெல்லாம் தமிழில், இணையத்தில் மற்றவர்களுக்குச் சொல்லித்தர ஆசைப்படுகிறவர்களிடமிருந்து வந்தவை. ரொம்ப சந்தோஷம். அதனால் இந்த முறை அவர்களுக்கு முன்னுரிமை. நடுவே வழக்கமான சந்தேகங்களும் உண்டு.

ஓட்டல் வேலையில் இருக்கிறேன் சார். டபிள்யூ.எஸ்.இ.டி. என்கிற ஒயின் படிப்பில் இரண்டாம் நிலைத் தேர்வு பாஸ் செய்துவிட்டுத் தமிழில் வீடியோ போட ஆரம்பித்தேன். "நீ என்ன மாஸ்டர் ஆஃப் ஒயினா, எங்களுக்குப் பாடம் எடுக்க?" என்று கேட்கிறார்கள். பெரிய பட்டம் வாங்கிவிட்டுத்தான் பேச வேண்டுமா?
— கோயம்புத்தூர் வாசகர்

வேண்டாம் தம்பி, பேசுங்கள். மாஸ்டர் ஆஃப் ஒயின் தேர்வு லண்டனில் முதன்முதலாக நடந்தது 1953-ல். இத்தனை வருடத்தில் உலகம் முழுக்க அதில் தேறியவர்கள் சில நூறு பேர்தான். இந்தியாவுக்கு முதல் ஆளாக சோனல் ஹாலண்ட் வந்ததே 2016-ல். அந்தப் பட்டம் கையில் வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்றால் தமிழில் இன்னும் முப்பது வருடத்துக்கு யாரும் பேச மாட்டார்கள்.

இரண்டு பேரைப் பாருங்கள். ஜான்சிஸ் ராபின்சன் பத்திரிகையாளர். ஒயின் வியாபாரத்துக்கு வெளியே இருந்து வந்து 1984-ல் அந்தத் தேர்வில் தேறிய முதல் ஆள் அவர், 2000-ல் சொந்த இணையதளமும் ஆரம்பித்தார். கேரி வேய்னர்சக்கிடம் அப்படிப் பட்டம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் நியூஜெர்சியில் குடும்பத்துக்கு மதுக்கடை இருந்தது. 2006-ல் ஒரு கேமராவை வைத்து, பாட்டிலைத் திறந்து, பார்க்கிறவர்கள் முன்னாலேயே ருசித்துத் துப்பி, மனதில் பட்டதைச் சொன்னார். 2011-ல் நிறுத்தும்போது ஆயிரம் நிகழ்ச்சிகள் ஆகியிருந்தன. சொந்தக் கடையில் விற்கிற ஒயினையே நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொன்னார், அதனால்தான் ஜனங்கள் நம்பினார்கள். ராபின்சனின் படிப்பும் வேய்னர்சக்கின் கலகலப்பும் இரு துருவம். ஆனால் இரண்டு பேருமே தாங்கள் ருசித்ததைத்தான் சொன்னார்கள்.

உங்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். நான் குடித்துப் பார்த்தது, புத்தகத்தில் படித்தது, காதில் விழுந்தது, இந்த மூன்றையும் கலக்காமல் தனித்தனியாகச் சொல்லுங்கள். இரண்டாம் நிலைப் படிப்பு முக்கியமான திராட்சை ரகங்களையும் வட்டாரங்களையும் நன்றாகக் கற்றுத்தருகிறது. அதை வைத்துக்கொண்டு ஷார்டனே என்றால் என்ன, ஏன் ஒன்றில் வெண்ணெய் வாசனை வருகிறது, இன்னொன்றில் வருவதில்லை என்று தாராளமாகப் பேசலாம். நாற்பது வருடப் பழைய பர்கண்டி எப்படி இருக்கும் என்று, குடிக்காமலே வர்ணிக்கப் போகாதீர்கள். யாராவது உங்களைத் திருத்தினால், திருத்தம் சரி என்றால், நன்றி சொல்லி அதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேலே வையுங்கள். "நீ என்ன மாஸ்டரா" என்கிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், அடுத்த வீடியோவுக்குப் படியுங்கள்.

நிபுணர்கள் பிளாக்பெர்ரி, வயலட் பூ, எல்டர்ஃபிளவர் என்று அடுக்குகிறார்கள். இதில் ஒன்றைக்கூட நான் முகர்ந்தது இல்லை. இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு என் ஊர்க்காரர்களுக்கு எப்படி விளக்குவது?
— தேனி வாசகி

நீங்கள் தேனியிலிருந்து இதைக் கேட்டதுதான் எனக்குச் சந்தோஷம். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை இருக்கிறதே, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியா என்ற பழைய ரகமும் ஐரோப்பியக் கருந்திராட்சை ஒன்றும் கலந்து பிறந்தது. பழத்தைக் கடித்ததும் மூக்கில் ஏறும் அந்த ரோஜா மணம் லினலூல், ஜெரானியால் மாதிரியான சேர்மங்களால் வருவது. மஸ்கட் குடும்பம் முழுவதிலும் இவை தூக்கலாக உண்டு, சாறு புளித்து ஒயினான பிறகும் போய்விடாது. இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி என்ற மஸ்கட் ஒயின் பாட்டிலைத் திறந்தால் முதலில் எழும்பி வருவது அதுதான். ஆகவே எல்டர்ஃபிளவரை விட்டுவிடுங்கள். "ஒரு கொத்து பன்னீர் திராட்சை வாங்கிக்கொள்ளுங்கள், தோலோடு கடித்து, வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள்" என்று சொல்லுங்கள். அதைச் செய்து பார்த்தவர் மஸ்கட் வாசனையை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்.

அடுத்தது மிளகு. பிரான்சில் ரோன் நதியின் வடபகுதி, ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவின் குளிர்ந்த பகுதிகள், இங்கெல்லாம் விளையும் ஷிராஸ் என்ற சிவப்பு ரகத்தின் ஒயினில் மிளகு மணக்கும் என்று எழுதுவார்கள். கற்பனையான வர்ணனை என்று பலர் நினைக்கிறார்கள். 2008-ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் அந்த மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்கிற சேர்மம் என்று கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப்பெட்டி மிளகில் இருப்பதும் அதே சேர்மம்தான். அந்த ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரியவந்தது: சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசனை பிடிபடவே இல்லை, அளவைக் கூட்டியும் பிடிபடவில்லை. உங்கள் பார்வையாளர் ஒருவர் "எனக்கு மிளகு வரவே இல்லையே அக்கா" என்று எழுதினால், அவர் மூக்கில் குறை இருப்பதாகப் பேசிவிடாதீர்கள். பிறவியிலேயே சில மூக்குகளுக்குச் சில கதவுகள் திறப்பதில்லை, எனக்குத் தெரிந்த நல்ல நல்ல ருசியாளர்களுக்கும் அப்படி ஒன்றிரண்டு உண்டு.

சரி, பழக எப்படி? நான்கு சிறிய கிண்ணங்கள் எடுங்கள். ஒன்றில் அப்போதுதான் இடித்த மிளகு, ஒன்றில் நறுக்கிய பச்சைக் குடைமிளகாய், ஒன்றில் உரித்த லிச்சி, ஒன்றில் தண்ணீரில் நனைத்த பழைய அட்டைப்பெட்டித் துண்டு. தட்டுப் போட்டு மூடி ஒரு கால் மணி நேரம் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேறு யாராவது மாற்றி மாற்றி நீட்ட, முகர்ந்து சொல்லிப் பாருங்கள். தினமும் கையாளும் மிளகைக்கூடக் கண்ணால் பார்க்காமல் பெயர் சொல்லத் திணறுவோம், அது எல்லோருக்கும் நடப்பது, ஒரு வாரத்தில் சரியாகிவிடும். குடைமிளகாய் எதற்கு என்றால், முழுதாகப் பழுக்காத கேபர்னே சோவிஞ்யோன் என்ற சிவப்பு ரகத்தில் அதே பச்சை வாசனை வரும். லிச்சி, கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ரகத்துக்கு. நனைந்த அட்டை, கெட்டுப்போன கார்க்குக்கு: டிசிஏ என்ற சேர்மம் கார்க்கில் உண்டாகி ஒயினுக்குள் இறங்கினால் பழ வாசனை எல்லாம் செத்து அட்டை வாசனைதான் மிஞ்சும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் கடையில் தைரியமாகப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இதில் ஒரு சொட்டு மதுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்பு சொன்ன வேய்னர்சக், குடிக்கிற வயது வருவதற்கு முன்பே, ஒயின் பத்திரிகைகளில் வருகிற பழங்களையும் காய்களையும் தேடித் தேடிச் சாப்பிட்டு நாக்கைப் பழக்கினார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்து நிபுணர்களையே ஏமாற்றிவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் இந்த ஒயின் ருசிப்பு எல்லாமே ஊரை ஏமாற்றும் வேலைதானே?
— சென்னை வாசகர்

அந்தச் சோதனை நிஜம். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களிடம் ஃபிரெதெரிக் ப்ரோஷேயும் அவருடைய சகாக்களும் நடத்தியது, முடிவுகள் 2001-ல் வந்தன. முதலில் ஒரு வெள்ளையையும் ஒரு சிவப்பையும் வர்ணிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள் அதே வெள்ளையை அப்படியே ஒரு கிளாஸிலும், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து இன்னொரு கிளாஸிலும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததற்குச் சிவப்பு ஒயினுக்கு எழுதுகிற வார்த்தைகளையே எழுதினார்கள்.

இதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவை நான் ஏற்க மாட்டேன். கண் மூக்குக்கு முன்னால் ஓடுகிறது என்பதைத்தான் அது காட்டியது. கண் பார்த்ததை மூளை நம்பிவிட, மூக்கு அதற்கு ஏற்ற வார்த்தையைத் தேடிக்கொள்கிறது. தொழில்முறைத் தேர்வுகளில் லேபிளை மறைத்து ருசிப்பது இதற்காகத்தான், கறுப்புக் கிளாஸ்கள் செய்து விற்பதும் இதற்காகத்தான். 1976-ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி நடத்திய போட்டியில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் ருசித்து, கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப்புக்குச் சிவப்பிலும் ஷாட்டோ மொந்தெலேனாவுக்கு வெள்ளையிலும் முதலிடம் கொடுத்தார்கள். லேபிளைக் காட்டியிருந்தால் அந்த முடிவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆகவே இணையத்தில் ஒயின் பேசுகிறவர்கள் மாதம் ஒரு முறையாவது பாட்டிலைத் துணியில் சுற்றி, வேறொருவர் ஊற்றிக் கொடுக்க, கேமரா முன்னால் ருசியுங்கள். தப்பாகச் சொன்னால் வெட்டாமல் அப்படியே போடுங்கள். அதைப் பார்க்கிறவர்கள் உங்களை இன்னும் அதிகமாக நம்புவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஒயின் பீரோ மேல் நிற்கிறது. பழசானால் நல்லது என்கிறார்கள். இன்னும் வைத்திருக்கலாமா?
— நாகர்கோவில் வாசகி

இன்றைக்கே திறந்துவிடுங்கள். உலகில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. வருடக்கணக்கில் வைக்கக்கூடிய சொற்ப ஒயினுக்கும் 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, கார்க் காயாமல் இருக்கப் பாட்டிலைப் படுக்கவைப்பது, இதெல்லாம் வேண்டும். நம் ஊர் வெயிலில் பீரோ மேல் நின்ற பாட்டில் வெந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். நிறம் பழுப்பாகி, புளிச்ச வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். விஷமாகியிருக்காது, ருசிதான் போயிருக்கும்.

தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சில ஒயின் நிபுணர்களே வீடியோவில் சொல்கிறார்களே?
— திருச்சி வாசகர்

சொல்லக் கூடாது. 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில், பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பைச் சாப்பிட்டும் மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு ரெட் ஒயின் காரணமாக இருக்கலாம் என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. அதிலிருந்து அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது, அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அப்போது அளவாகக் குடிப்பவர்களைக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். அந்தக் குடிக்காதவர்களில், உடம்பு கெட்டதால் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள் என்பது போன்ற சிக்கல்கள் பின்னால் தெரியவந்தன. இதயத்துக்கு நல்லது என்று ரெஸ்வெரட்ரால் என்ற சேர்மத்தைச் சொல்வார்கள், ஒரு கிளாஸ் ஒயினில் அது இருப்பது மிக மிகக் கொஞ்சம். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1988-லேயே சேர்த்துவிட்டார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒயினை நான் நேசிக்கிறேன். மண், வெயில், ஒரு குடும்பத்தின் உழைப்பு எல்லாம் ஒரு கிளாஸுக்குள் வந்து சேர்வதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. அதற்காக அதை மருந்து என்று விற்க மாட்டேன். குடியால் அழிந்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கிற மாநிலத்தில் நின்று பேசுகிறோம். குடிக்காதவரைக் குடிக்கத் தூண்டுகிற ஒரு வரிகூட உங்கள் வீடியோவில் இருக்க வேண்டாம்.

என் பக்கத்தை இப்போது கொஞ்சம் பேர் பார்க்கிறார்கள். ஒயின் கம்பெனிகள் இலவசமாகப் பாட்டில் அனுப்புகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?
— பெங்களூரு வாசகர்

வாங்கினால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், கடைசியில் பொடி எழுத்தில் போடாதீர்கள். காசு, பொருள், பயணம் எது வாங்கினாலும் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் விதி கொண்டுவந்தது, மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2023-ல் வழிகாட்டி வெளியிட்டது. மதுவுக்கு இது இன்னும் கடினம். தொலைக்காட்சியில் மது விளம்பரத்தைக் கேபிள் விதிகள் தடை செய்கின்றன. காசு வாங்கிக்கொண்டு ஒரு பிராண்டைத் தூக்கிப் பேசினால் அது பாடம் ஆகாது, விளம்பரம்தான். சட்டச் சிக்கல் வரும்முன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ராபர்ட் பார்க்கர் என்ற வக்கீல் 1978-ல் விளம்பரமே இல்லாமல், சந்தாவை மட்டும் நம்பி ஒரு ஒயின் மடல் ஆரம்பித்தார். 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார். 1982-ம் வருடத்து போர்தோ ஒயினை மற்ற பலர் சந்தேகப்பட்டபோது அபாரம் என்று எழுதினார், அது சரியானது, அதன் பிறகு அவர் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் போர்தோவில் விலை வைத்தார்கள். அவர் ருசி எனக்கு முழுக்க உடன்பாடு இல்லை, கனமான ஒயின்களுக்கே அள்ளிக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் யார் காசில் எழுதுகிறார் என்ற சந்தேகம் படிப்பவருக்கு வராதபடி பார்த்துக்கொண்டாரே, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். 91 என்று சொன்னால் பார்வையாளருக்கு என்ன தெரிகிறது? "புளிப்பு தூக்கல், மீன் வறுவலோடு பிரமாதம், தனியாகக் குடித்தால் பல் கூசும்" என்று சொன்னால் அவருக்குப் பயன்படும்.

பழைய விலையுயர்ந்த பாட்டில்களை இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். படத்தை அனுப்பி "அசலா போலியா சொல்லுங்கள்" என்று என்னிடம் கேட்கிறார்கள். சொல்லலாமா?
— சிங்கப்பூர் வாசகர்

படத்தைப் பார்த்து அசல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழைய ஒயின் என்று போலிகளைச் செய்து விற்ற ரூடி குர்னியவான் கதையைக் கேளுங்கள். அருமையான நாக்கு என்று பெரிய பெரிய சேகரிப்பாளர்கள் கொண்டாடிய ஆள். கலிபோர்னியாவில் அவர் வீட்டைச் சோதித்தபோது லேபிள்களும் கார்க்குகளும் கலவைக் குறிப்புகளும் கிடைத்தன; 2014-ல் பத்து வருடச் சிறைத் தண்டனை. அவரை மாட்டிவிட்டது நாக்கு இல்லை, ஆவணம். 2008-ல் நியூயார்க்கில், பிரான்சின் பான்சோ பண்ணையில் செய்த க்ளோ சான் தெனி ஒயின் என்று அவர் கொடுத்த 1945-ம் வருடத்துப் பாட்டில் ஏலத்துக்கு வந்தது. பண்ணைக்காரர் லோரான் பான்சோ நேரில் போய் நிறுத்தினார், ஏனென்றால் அவர் குடும்பம் அந்த நிலத்து ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான். ஆகவே பாட்டில் எந்தக் கடையில், யாரிடம் இருந்து, எந்த வருடம் வாங்கியது, ரசீது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ரசீது இல்லை என்றால் ஒதுங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்கிறார்களே, மே மாதத்தில் எப்படி?
— வேலூர் வாசகர்

அந்த அறை ஐரோப்பாவின் பழங்காலத்துக் குளிர்ந்த கல்வீட்டு அறை. சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி போதும். ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள், வேலூர் மே மாதத்துக்கு முக்கால் மணிகூட வைக்கலாம். சூடாகக் குடித்தால் சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். ரொம்பக் குளிர்ந்துவிட்டாலோ, பால் விடாத கடுந்தேநீர் மாதிரி துவர்ப்பு வாயை இழுக்கும். அப்படியானால் கிளாஸைக் கையில் கொஞ்ச நேரம் பிடித்திருங்கள்.

நம் நாட்டு ஒயினைப் பற்றிப் பேசினால் யாரும் மதிப்பதில்லை. பிரான்ஸ், இத்தாலி என்றால்தான் கேட்கிறார்கள். நாசிக் பற்றிப் பேசலாமா?
— புதுச்சேரி வாசகர்

கட்டாயம் பேசுங்கள். ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் உறங்கிவிடும், வருடம் ஒரு முறை கவாத்து செய்வார்கள். நாசிக்கில் கொடி உறங்குவதே இல்லை, அதனால் ஏப்ரல் வாக்கில் ஒரு முறையும், மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறையும் வெட்டி, அறுவடையை ஜனவரி முதல் மார்ச் வரைக்குத் தள்ளி வைக்கிறார்கள். ஐரோப்பாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் திராட்சை பறிக்க, நம்மவர்கள் பொங்கல் முடிந்து பறிக்கிறார்கள். நாசிக்கின் சுலா என்ற ஒயின் கம்பெனி 2000-ல் முதல் ஒயினை வெளியிட்டபோது அதில் இருந்தவை சோவிஞ்யோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் என்ற இரண்டு வெள்ளை ரகங்கள். இன்றைக்கும் காரமான நம் சாப்பாட்டுக்கு அந்த ஷெனின் மாதிரி லேசான இனிப்பும் புளிப்பும் உள்ள வெள்ளைதான் பொருந்தும் என்பேன், மீன் குழம்புக்குத் துவர்ப்பான சிவப்பை ஊற்றினால் இரண்டும் கெட்டுவிடும். முடிந்தால் அறுவடை நேரத்தில் ஒரு முறை நாசிக் போய், கவாத்து செய்கிற தொழிலாளி ஒருவரிடம் மைக்கை நீட்டுங்கள். போர்தோ பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் பேசியாகிவிட்டது, இதைத் தமிழில் கேட்க ஆள் உண்டு.

திறக்கும்போது கார்க் பாதி உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டது, அவசரம்!
— மதுரை வாசகி

திருகியை மறுபடி சாய்வாக உள்ளே விட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். வரவில்லையா, மரக்கரண்டிக் காம்பால் கார்க்கை உள்ளேயே தள்ளிவிடுங்கள். தள்ளும்போது ஒயின் மேலே தெறிக்கும், பாட்டிலை ஒரு துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் துவைத்து அலசிய மல் துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றிவிடலாம், சோப்பு வாசனை இல்லாத துணியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.